மான் தேடி மேலகிரிக்கு: முதல் முறை போகிறவர்களுக்கு

"தேன்கனிக்கோட்டைப் பக்கம் மான் வேட்டைக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கா?" என்று வருஷத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார். பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள் முதுகில் பையும் தோளில் துப்பாக்கியுமாக மலையேறும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர். அங்கே லைசன்ஸ் உண்டு, வேட்டைப் பருவம் உண்டு, ஆளுக்கு இத்தனை என்று வரம்பு உண்டு. இங்கே 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ல் அதில் செய்த திருத்தமும் சேர்ந்து அந்தக் கதவை அடைத்துவிட்டன. சரணாலயத்துக்குள் மானைச் சுட்டு மாட்டினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொல்வது என்று மட்டும் பொருள் இல்லை. துரத்துவது, இரை காட்டி இழுப்பது, கண்ணி வைப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது, எல்லாமே வேட்டைதான். நல்ல போட்டோவுக்காகப் புள்ளிமானை விரட்டி ஓடவிட்டால் அதுவும் இதில் அடங்கும். "கறி மட்டும் வாங்கித் தின்றேன்" என்று சொல்லியும் தப்ப முடியாது.

ஆனால் வேட்டைக்காரர்களிடம் ஒரு வித்தை இருந்தது. காற்றைப் பார்ப்பது, தடம் படிப்பது, சத்தமில்லாமல் நடப்பது, மணிக்கணக்கில் அசையாமல் உட்காருவது. துப்பாக்கியைக் கழித்துவிட்டால் மீதி அத்தனையும் நாம் எடுத்துக்கொள்ளலாம். மான் பார்க்கப் போய் ஒன்றையும் பார்க்காமல் திரும்புகிறவர்கள் இந்த வித்தை இல்லாமல் போனவர்கள்தான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. ஒரு சனி, ஞாயிறு போதும்.

எங்கே, எப்போது, யார் அனுமதி

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் மேற்கு ஓரம் முழுக்கக் காடுதான், மேலகிரி மலைக்காடு. ஜவளகிரி, தளி, அஞ்செட்டி, உரிகம், பெட்டமுகிலாளம் என்று போய் ஒகேனக்கல்லில் காவிரியைத் தொடும். 2014-ல் இதில் சுமார் 504 சதுர கிலோமீட்டர் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் ஆனது. 2022-ல் இன்னொரு 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு சரணாலயம் ஆனது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவேரி சரணாலயம், வடக்கே பன்னேர்கட்டா. மான்களுக்கு எல்லைக் கல் ஏது? எல்லாம் ஒரே காடு.

இந்தக் காட்டுக்குள் நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் உயிரிழந்தது நினைவிருக்கும். அதன்பின் மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்து பணம் கட்டினால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு பகலில் நடந்துவிட்டு வரலாம். நம் பக்கத்தில் அய்யூரிலிருந்து ஒரு பாதையும், குத்திராயன் முகட்டுக்கு ஒரு பாதையும் இருக்கின்றன. குத்திராயன் கடினமானது, மூச்சு வாங்கும். முதல் முறைக்கு அய்யூர் போதும். இரவில் காட்டுக்குள் கூடாரம் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். தெரிந்த ஆள் இருக்கிறார், பின்பக்கமாகக் கூட்டிப்போவார் என்று யாராவது சொன்னால் அந்த ஆளையும் சேர்த்து விட்டுவிடுங்கள். மாட்டினால் வழக்கு, மாட்டாவிட்டால் யானை.

மாதம் என்று கேட்டால் என் ஓட்டு ஜனவரிக்கு. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து புல் காயத் தொடங்கியிருக்கும், பார்வை தூரம் போகும். நெல்லி மரங்களில் காய் உதிரும். புள்ளிமான்கள் நெல்லிக்காயைத் தேடி வரும், அதனால் நெல்லி மரம் இருக்கும் சரிவை வழிகாட்டியிடம் கேட்டுவையுங்கள். பிப்ரவரி நடுவில் தீக்காலம் என்று பாதைகளை மூடிவிடுவார்கள், ஏப்ரல் நடுவில்தான் திறப்பார்கள். ஜனவரிக்கு ஒரு குறை உண்டு. கேழ்வரகு அறுவடையை ஒட்டி பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இந்தப் பக்கம் இறங்கி வரும் காலம் அது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த மான்?

எல்லாவற்றையும் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினால் ஒன்றும் கிடைக்காது. ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

புள்ளிமானுக்குச் செங்குத்தான மலை பிடிக்காது. அடிவாரம், ஏரிக்கரை, புல்வெளி ஓரம், அங்கேதான் கூட்டமாக இருக்கும். கடமான் நேர் எதிர். கல்லும் முள்ளுமான சரிவுகளில் ஒன்று இரண்டாக, இரவில் மேய்ந்துவிட்டு விடிந்ததும் அடர்ந்த நிழலுக்குள் போய்ப் படுத்துவிடும். நன்றாக வளர்ந்த ஆண் கடமான் 200 கிலோவைத் தாண்டும், ஆனால் பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. உடம்பில் புள்ளி கிடையாது, நிறம் காய்ந்த மரப்பட்டையைப் போல. இரண்டுக்குமே ஆணின் கொம்பில் மும்மூன்று கிளை. அதனால் கொம்பை எண்ணிக் குழம்ப வேண்டாம், புள்ளியைப் பாருங்கள்.

நாற்கொம்பு மானும் இங்கே உண்டு. பெயரில் மான் என்று இருந்தாலும் கணக்கில் அது மான் இல்லை. புள்ளிமானும் கடமானும் கொம்பை உதிர்த்துப் புதிதாக வளர்க்கும். நாற்கொம்பு மானின் கொம்பு உதிராது, மாட்டுக் கொம்பு மாதிரி நிலையானது. தனியாகத் திரியும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். அப்படி ஒரு குவியலைப் பார்த்தாலே அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சங்கப் பாட்டுகளில் ஆணைக் கலை என்றும், பெண்ணைப் பிணை என்றும், குட்டியை மறி என்றும் பிரித்துச் சொல்வார்கள். குறிப்பேட்டில் எழுத இந்தச் சொற்கள் எனக்கு ரொம்ப வசதியாக இருக்கின்றன. 'பிணை 6, மறி 2, கலை 1', வேலை முடிந்தது.

பையில் என்ன

பைனாகுலர் அவசியம். 8×42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள், அல்லது யாரிடமாவது இரவல் கேளுங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது முன் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வரும் எண் 5-ஐ ஒட்டி இருந்தால் விடியற்காலை மங்கலிலும் படம் தெளிவாகத் தெரியும். 20 மடங்கு, 30 மடங்கு என்று ஆசைப்பட்டு வாங்கினால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு ஆகும்.

உடை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் முறை போனபோது பளிச்சென்ற நீல நிற ஜெர்க்கின் போட்டிருந்தேன். காலை முழுக்க ஒரு வால்கூடத் தெரியவில்லை. மானுக்குச் சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் மங்கலான ஒரே நிறமாகத்தான் தெரியும், நீலம்தான் நன்றாகத் தெரியும் என்பதைப் பிறகுதான் படித்தேன். துணியைப் பளபளப்பாக்கும் சலவைத்தூளில் துவைத்த சட்டையும் அதன் கண்ணுக்கு இன்னும் தூக்கலாகத் தெரியும். ஆகவே காக்கி, மண் நிறம், காய்ந்த இலை நிறம், இதில் ஏதாவது பழைய சட்டை, வெறும் தண்ணீரில் அலசியது. ஜீன்ஸ் வேண்டாம். முழுக்கால் பேன்ட், முழுக்கை சட்டை, கணுக்காலை மூடும் ஷூ, பேன்ட்டின் அடியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். இங்கே காடு முழுக்க உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. அது தோலைக் கிழிக்கும். உண்ணி வேறு ஏறும்.

சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதமோ புளிசாதமோ டிபன் பாக்ஸில் கட்டிக்கொள்ளுங்கள். பாக்கெட் பிஸ்கட், சிப்ஸ் வேண்டாம். அந்தச் சரசரப்பு இந்த மலைக்குக் கேட்பது அந்த மலைக்கும் கேட்கும், காலி உறையை உப்புக்காக மான் தின்றுவைக்கும். கடலை மிட்டாயைப் பிரித்து ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், ஓஆர்எஸ் இரண்டு பாக்கெட், ஆதார் அட்டை. சென்ட், வாசனை எண்ணெய், தலையில் மல்லிகைப்பூ எல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகு.

கடைசியாக, ஒரு விபூதிப் பொட்டலம். சிரிக்காதீர்கள்.

சனிக்கிழமை: ஏரிக்கரையில் ஒத்திகை

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு 25 கிலோமீட்டர் போல இருக்கும், பஸ் அடிக்கடி உண்டு. தருமபுரியிலிருந்து வருகிறவர்கள் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக வரலாம். மதியத்துக்குள் வந்து அறை எடுத்துவிடுங்கள். ஊர்க் கோயிலில் இருப்பவர் பேட்டராய சுவாமி, வேட்டைக்கு வந்த பெருமாள் என்கிறது தலக்கதை. வேட்டையராயர்தான் பேட்டராயர் ஆனார் என்று சொல்வார்கள். ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம்.

நாலு மணிக்கு ஊரை ஒட்டிய ஏதாவது ஏரிக்கரைக்குப் போங்கள். காட்டுக்குள் போக வேண்டியதில்லை. ஆடும் மாடும் தண்ணீர் குடித்துவிட்டுப் போன ஈர மண்தான் உங்கள் பாடப் புத்தகம். ஆட்டுக் குளம்பும் புள்ளிமான் குளம்பும் கிட்டத்தட்ட ஒரே அளவு, இரண்டும் இரண்டாகப் பிளந்தவை. மான் தடத்தின் முனை கூர்மையாக, மொத்தத்தில் நீண்ட இதய வடிவில் இருக்கும். ஆட்டுத் தடத்தின் முனை மழுங்கியது. மாட்டுத் தடம் பெரிது, உருண்டை. பன்றித் தடமும் பிளந்ததுதான், ஆனால் அகலம், பின்னால் இரண்டு சின்னக் குத்துகளும் விழுந்திருக்கும்.

ஓர் ஆடு நடப்பதைப் பார்த்துவிட்டு உடனே போய் அதன் தடத்தைப் பாருங்கள். ஓரம் எவ்வளவு கூர்மை, மண் எப்படி நொறுங்கி விழுந்திருக்கிறது என்று. அரை மணி கழித்து மறுபடி அதே தடத்தைப் பாருங்கள். ஓரம் காய்ந்து உதிர ஆரம்பித்திருக்கும், எறும்பு குறுக்கே போயிருக்கும். புதுத் தடம், பழைய தடம் என்று வழிகாட்டிகள் ஒரு பார்வையில் சொல்வதன் ரகசியம் இதுதான். இதை ஒரு மாலை செய்தவருக்கும் செய்யாதவருக்கும் மறுநாள் காட்டில் நிறைய வித்தியாசம் தெரியும். கிராமத்துப் பையன்கள் "ஆட்டுத் தடத்தை எதுக்குண்ணா போட்டோ புடிக்கிறீங்க?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

இருட்டுவதற்குள் அறைக்கு வந்துவிடுங்கள். யானை நடமாட்டம் உள்ள ஊர்களில் இரவு பைக்கில் சுற்றுவது உள்ளூர்க்காரர்களே செய்யாத வேலை. ஒன்பது மணிக்குத் தூக்கம்.

ஞாயிறு: காற்று, நடை, பார்வை

ஜனவரியில் சூரியன் ஆறே முக்காலுக்குத்தான் எட்டிப்பார்க்கும். அனுமதிக்கிற முதல் நிமிஷத்தில் நடக்கத் தொடங்குவதாக வழிகாட்டியிடம் முந்தைய நாளே பேசிவையுங்கள். குளிர் எலும்பைத் தொடும். பக்கத்துத் தளியை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று அழைத்தது சும்மா இல்லை.

சீக்கிரம் கிளம்புவதற்கு இன்னொரு காரணம் காற்று. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் அடிவாரத்திலிருந்து ஏறினால் அது உங்கள் முகத்தில் அடிக்கும். அதாவது மேலே இருக்கும் மானின் வாசம் உங்கள் பக்கம் வருகிறது, உங்கள் வாசம் அதற்குப் போகவில்லை. வெயில் ஏறிச் சரிவு சூடானதும் இது தலைகீழாகிவிடும். காற்று மேல்நோக்கி எழும், நீங்கள் ஏறுவதற்கு முன்னால் உங்கள் வியர்வை நாற்றம் ஏறிப்போய்விடும். அதனால் கணக்கு இப்படி: வெயில் சூடேறுவதற்குள் ஏறி முடித்துவிட வேண்டும், அதன்பின் மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். மான் மோப்பத்தை நம்புகிற அளவுக்குக் கண்ணை நம்பாது. அசையாமல் நிற்கும் ஆளைக்கூட மரம் என்று விட்டுவிடும், மோப்பம் பிடித்துவிட்டால் மறுயோசனை கிடையாது.

விபூதி இங்கேதான். ஒரு சிட்டிகை எடுத்து நெஞ்சு உயரத்தில் விடுங்கள். எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பள்ளத்தாக்கின் வளைவுகளில் காற்று சுழன்று ஏமாற்றும், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை விட்டுப்பார்க்க வேண்டும். என்னைக் கூட்டிப்போன வழிகாட்டி அண்ணன் கால்சட்டைப் பையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். சாமி கும்பிடத்தான் என்று நினைத்தேன். பாதி வழியில் அவர் நெற்றிக்குக் கொண்டுபோகாமல் காற்றில் விட்டதும்தான் விஷயம் புரிந்தது.

அடுத்தது நடை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வேகமாகத்தான் நடக்கிறார்கள். முகட்டைத் தொட்டு செல்ஃபி எடுப்பதுதான் நோக்கம் என்றால் அது சரி. மான் பார்க்க வேண்டுமென்றால் இருபது அடி நடந்து இரண்டு நிமிஷம் நில்லுங்கள். நிற்கும் இடமும் முக்கியம், மரத்தை ஒட்டி, நிழலில். காலை வைக்கும்போது முதலில் வெளி ஓரம், பிறகு மெல்லப் பாதம். அடியில் சுள்ளி தட்டுப்பட்டால் காலைத் திரும்ப எடுத்துவிடலாம். தேக்கு இலைச் சருகு கிடக்கும் இடத்தில் எப்படி நடந்தாலும் அப்பளம் நொறுங்கும் சத்தம்தான், அதைச் சுற்றிக்கொண்டு போவது நல்லது. மானும் நாலு அடி நடந்து நின்றுதான் மேயும், நிற்காமல் சீராக வரும் காலடிச் சத்தம் மனிதனுடையது என்று அதற்குத் தெரியும். போன் அணைந்திருக்கட்டும். சாவிக்கொத்து அறையிலேயே இருக்கட்டும். குழுவில் நாலு பேருக்கு மேல் வேண்டாம், பேச்சு நிற்காது.

நின்ற இடத்தில் எப்படிப் பார்ப்பது? முழு மானைத் தேடாதீர்கள். முழு மான் தெரிகிற நேரத்தில் அது ஓடிக்கொண்டிருக்கும். காட்டில் மரமெல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கிறது. அதில் படுக்கையாக ஒரு கோடு தெரிந்தால் அது முதுகாக இருக்கலாம். ஈ ஓட்டும் காது. வாலடியின் வெள்ளை. இரண்டு கிளைகளுக்கு நடுவே இலை போலில்லாத ஒரு பழுப்பு. இன்னொரு உபாயம், வலமிருந்து இடமாகப் பாருங்கள். வாசித்துப் பழகிய கண் இடமிருந்து வலமாகச் சறுக்கிக்கொண்டு ஓடிவிடும், எதிர்த்திசையில் போனால் தானாக நிதானிக்கும். பைனாகுலரை உட்கார்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றிப் பிடியுங்கள்.

காதும் வேலை செய்யட்டும். மந்திக் கூட்டம் மரத்தில் இருந்தால் அடியில் புள்ளிமான் இருக்கிறதா என்று பாருங்கள். அவை பறித்துப் போடும் இலையையும் பழத்தையும் தின்ன வந்து நிற்கும், மேலே இருக்கிற காவலும் இலவசம். புள்ளிமான் மிரண்டால் கீச்சென்று ஒரு குரல். கடமான் மிரண்டால் உலோகத்தைத் தட்டியது போல 'டாங்' என்று ஒலிக்கும், தரையைக் குளம்பால் உதைக்கும். நீங்கள் அசையாமல் இருக்கும்போது இந்தக் குரல் தொடர்ந்து கேட்டால் அது உங்களுக்கானது இல்லை, அங்கே சிறுத்தை நடமாட்டம் இருக்கலாம். வழிகாட்டியின் முகத்தைப் பாருங்கள், அவர் என்ன செய்கிறாரோ அதைச் செய்யுங்கள்.

தடத்துக்கு வருவோம். நேற்று படித்தது இன்று உதவும். மூன்று விரல் நீளத் தடம் புள்ளிமான், நாலு விரலைத் தாண்டினால் கடமான். கூர்முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போயிருக்கிறது. பட்டை உரிந்து வழுவழுப்பான மரம், நெஞ்சு உயரத்தில், கலை கொம்பைத் தேய்த்த இடமாக இருக்கலாம். சேற்றுக் குழியில் மயிரும் குளம்படியும் கிடந்தால் கடமான் புரண்ட இடம். உதிர்ந்த கொம்பு கிடந்தால் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். வீட்டு ஷோகேஸுக்குக் கொண்டுவந்தால் குற்றம். மரத்தடியில் கம்பிச் சுருக்கோ, உருண்டையாகக் கட்டிய சந்தேகமான பொருளோ தெரிந்தால் தொடவே கூடாது. அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடி கையில் வெடிக்கும். வழிகாட்டியிடம் காட்டுங்கள்.

யானை

மான் பார்க்கப் போகிறவரின் உண்மையான ஆபத்து இதுதான். பாம்பும் சிறுத்தையும் பெரும்பாலும் ஒதுங்கிப்போய்விடும். யானை அப்படியே நிற்கும், உண்ணிச்செடிப் புதருக்குள் பத்தடியில் நின்றாலும் தெரியாது. ஆவி பறக்கும் லத்தி (யானைச் சாணம்), பால் வடியும் உடைந்த கிளை, மூங்கில் முறியும் சத்தம், திடீரென்று காடு அமைதியாவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வழிகாட்டி திரும்பலாம் என்பார். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று வாதாட வேண்டாம். சத்தமில்லாமல், சேர்ந்தே, வந்த வழியில் பின்வாங்க வேண்டும். தனியாகப் பிரிந்து ஓடக்கூடாது, கத்தக்கூடாது, போனைத் தூக்கக்கூடாது. நான் போன மூன்று முறையில் ஒரு முறை முகட்டுக்கு அரை மணி தூரம் இருக்கும்போது இப்படித் திரும்பினோம். கட்டிய பணம் போனது. அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

இறங்கிய பிறகு

மதியத்துக்குள் கீழே வந்துவிடுவீர்கள். அறைக்கு வந்ததும் துணியை உதறி, உடம்பு முழுக்கப் பாருங்கள், அக்குள், இடுப்பு, முட்டிக்குப் பின்புறம். உண்ணி கடித்திருந்தால் நசுக்கவோ சிகரெட்டால் சுடவோ வேண்டாம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டுக்குப் போய்வந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உண்ணி, பூச்சிக் கடியால் வரும் காய்ச்சல்களுக்கு மருந்து உண்டு, ஆனால் கேட்காத வரை யாருக்கும் அது தோன்றாது.

குறிப்பேட்டில் எழுதுவதை அன்றைக்கே செய்துவிடுங்கள். நேரம், காற்றின் திசை, என்ன மரத்தடி, கலை, பிணை, மறி எத்தனை, நீங்கள் அதைப் பார்த்தீர்களா அது உங்களை முதலில் பார்த்ததா. கடைசிக் கேள்விக்கு முதல் இரண்டு பயணத்திலும் என் பதில் ஒன்றுதான். படத்தை வாட்ஸப்பில் போடுங்கள், தாராளமாக. எந்த ஏரி, எந்தச் சரிவு என்று மட்டும் போடாதீர்கள். சுருக்கு வைக்கிறவனிடமும் போன் இருக்கிறது.